112 பவுண்டு: சன்னியின் காலா, பாமின் இடக்கையா?

19 நவம்பர் 2023, வாசகர் ஒருவரின் கேள்வி

அண்ணே, டிசம்பர் 16 அன்று அரிசோனாவின் கிளெண்டேலில் ஜெஸ்ஸி 'பாம்' ரோட்ரிகஸும் இங்கிலாந்தின் சன்னி எட்வர்ட்ஸும் குத்துச்சண்டையில் மோதுகிறார்கள். ஃபிளைவெயிட் என்ற 112 பவுண்டு பிரிவில் இரண்டு சாம்பியன்கள், இரண்டு பேரும் தோற்றதே இல்லை. எல்லாரும் குதிக்கிறார்கள், எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. சன்னி 20 சண்டையில் நாலே நாலு நாக் அவுட் வைத்திருக்கும் ஆள். பன்னிரண்டு ரவுண்டும் ரிங்கைச் சுற்றி ஓடப்போகிறார், பாம் துரத்தப்போகிறார். இதற்காக ஞாயிற்றுக்கிழமை காலைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா? சன்னி ஓர் ஓடுகாலி. பாம் பத்து ரவுண்டுக்குள் முடித்துவிடுவார் என்பது என் கணக்கு.

19 நவம்பர் 2023, இரவு

தம்பி, ஓடுகாலி என்ற சொல்லுக்கு நம் ஊரில் வேறு அர்த்தம். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்.

ஓடுவது வேறு, நகர்வது வேறு. இதை எனக்குச் சொல்லிக்கொடுக்க எங்கள் கல்லூரிக் கோச் இரண்டு வருடம் செலவழித்தார். நான் 51 கிலோவில் ஆடியவன். அடியில் பலம் கிடையாது, கால் மட்டும் உண்டு. அதனால் சன்னியைப் பார்க்கும்போது எனக்குச் சொந்தக்காரனைப் பார்ப்பது போல இருக்கும். என் தீர்ப்பைச் சார்புள்ளது என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்: சன்னி பாயின்ட்டில், அதாவது நடுவர்கள் போடும் மதிப்பெண்ணில், ஜெயிப்பார்.

20 நவம்பர் 2023

நேற்று அவசரமாக எழுதினேன். காரணம் சொல்ல வேண்டும் அல்லவா.

2021 ஏப்ரல் 30, லண்டன் யார்க் ஹால். கொரோனா காலம், பார்வையாளர் இல்லை. சன்னிக்கு எதிரில் தென்னாப்பிரிக்காவின் மொரூட்டி ம்தலானே. அந்த மனிதர் 2008-ல் நோனிட்டோ டொனைரிடம் தோற்றபின் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் யாரிடமும் தோற்கவில்லை. நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி நின்று இடித்துக்கொண்டே இருப்பார். அவரைச் சன்னி தொடவே விடவில்லை. ஒரு நடுவர் 120-108 போட்டார், அதாவது பன்னிரண்டு ரவுண்டும் சன்னிக்கே. இன்னொருவர் 115-113 போட்டார், அவர் எந்தச் சண்டையைப் பார்த்தார் என்று தெரியவில்லை.

அதில் கவனிக்க வேண்டியது சன்னியின் இடது கால். பின்னால் போவது போலத் தெரியும், ஆனால் நேராகப் பின்னால் போகமாட்டார். அரை அடி விலகி, தோளைத் திருப்பி, ம்தலானே நின்ற இடத்துக்குப் பக்கவாட்டில் வந்து நிற்பார். ம்தலானே திரும்புவதற்குள் ஒரு ஜாப் (முன்கையை நேராக நீட்டும் குத்து), ஒரு வலதுகை, பிறகு ஆளைக் காணோம். கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு, காலில் சன்னி கண்டது போல ஓர் ஆட்டம். (பெயர்ப் பொருத்தத்துக்கு நான் பொறுப்பல்ல.)

இது ஓட்டமா?

20 நவம்பர் 2023, பிற்பகல்

"பாமைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே" என்கிறாய். சரி.

சான் அன்டோனியோ பையன், இடக்கைக்காரன், ராபர்ட் கார்சியாவிடம் பயிற்சி. 2022 பிப்ரவரியில் பீனிக்ஸில் கார்லோஸ் குவாட்ராஸுக்கும் ஸ்ரீசாகெட் சோர் ருங்விசாய்க்கும் உலகப் பட்டச் சண்டை நடக்கவிருந்தது. தாய்லாந்துக்காரருக்கு உடம்பு சரியில்லை. ஒரு வார அவகாசம்கூட இல்லாமல் பாமைக் கூப்பிட்டார்கள். பாம் அதே நாள் சிறிய சண்டை ஒன்றில் ஆட வேண்டியவர், அதுவும் இதைவிடக் குறைந்த எடையில். போனார், மூன்றாவது ரவுண்டில் குவாட்ராஸைத் தரையில் உட்காரவைத்தார், பாயின்ட்டில் ஜெயித்தார். வயது 21.

நாலே மாதத்தில் அந்த ஸ்ரீசாகெட்டையும் எட்டாவது ரவுண்டில் நிறுத்திவிட்டார். நிகராகுவாவின் பெரிய சாம்பியன் ரோமன் கோன்சாலஸை 2017-ல் இரண்டு முறை தோற்கடித்த அதே ஸ்ரீசாகெட். ஆகவே பையன் சாதாரணமில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

21 நவம்பர் 2023

திருத்தம். வயது 22. 2000 ஜனவரி 20-ல் பிறந்தவர், சண்டை பிப்ரவரி 5. பிறந்தநாள் கேக் தீர்ந்திருக்காது, அவ்வளவுதான். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. "பள்ளிக்கூடத்தில் கணக்கில் எத்தனை மார்க்" என்று கேட்ட இன்னொருவருக்கு நன்றி இல்லை.

25 நவம்பர் 2023

எடையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். ஃபிளைவெயிட் என்றால் 112 பவுண்டு, அதாவது 50.8 கிலோ. பாம் அடுத்த பிரிவான 115 பவுண்டில் பட்டம் வென்றுவிட்டு மறுபடி 112-க்கு இறங்கி வந்திருக்கிறார். மூன்று பவுண்டு, ஒன்றரைக் கிலோகூட இல்லை, இதென்ன பெரிய விஷயம் என்பவர்கள் ஒருமுறை செய்து பார்க்கலாம்.

நான் செய்திருக்கிறேன். போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் 52.4 கிலோ இருந்தேன். மே மாதம். மழைக்கோட்டு போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றினேன். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிக்காமல் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அம்மா ரசம் தாளிக்கும் வாசனை வந்தது, அழுகையே வந்துவிட்டது. காலையில் பல் தேய்க்கும்போது எச்சிலை விழுங்காமல் துப்பிக்கொண்டே இருந்தேன். தராசில் 50.9. பக்கத்தில் நின்ற பையனுக்கு 51.2, சட்டை நிக்கர் எல்லாம் கழற்றித் துண்டைப் பிடித்துக்கொண்டு ஏற்றினார்கள், அப்போதும் நூறு கிராம் அதிகம். மொட்டை அடித்தால் குறையுமா என்று அவன் கேட்டது நினைவிருக்கிறது.

எடை வந்தது, சண்டையில் கால் வரவில்லை. முதல் ரவுண்டு பறந்தேன். கடைசி ரவுண்டில் தொடை இரண்டும் வேறு யாருடையதோ போல இருந்தது. எனக்கு எதிரில் நின்ற பையன் அப்படியொன்றும் கெட்டிக்காரன் இல்லை. நான் நின்ற இடத்திலேயே நின்றதால் அவனுக்கு வேலை சுலபமாகிவிட்டது.

இது பெரியவர்களுக்கும் நடக்கும். மேனி பாக்கியோவின் முதல் உலகப் பட்டமே இந்த எடையில்தான், 1998 டிசம்பரில் சாட்சாய் சசகுலை எட்டாவது ரவுண்டில் வீழ்த்தி வாங்கியது. அடுத்த வருடமே எடை வராமல் தராசிலேயே பட்டத்தை விட்டார், அதே சண்டையில் மெட்கோயென் சிங்சுராட்டிடம் மூன்றாவது ரவுண்டில் விழவும் செய்தார். பாமின் அண்ணன் ஜோஷுவா ஃபிராங்கோ இந்த வருடம் ஜூனில் ஜப்பானில் ஐயோகாவுடன் இரண்டாம் முறை மோதப்போய், பெல்ட்டைத் தராசிலேயே இழந்தார். அந்த வீட்டில் இன்னொருவர் எடை இறக்குகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதோடு உலகப் பட்டம் தரும் அமைப்புகளில் ஒன்றான ஐபிஎஃப்பின் விதி ஒன்று இருக்கிறது: சண்டை நாள் காலை மறுபடி எடை பார்ப்பார்கள், பத்து பவுண்டுக்கு மேல் ஏறியிருக்கக் கூடாது. சன்னி வைத்திருப்பது ஐபிஎஃப் பெல்ட். பாமுக்கு இது இடிக்கும்.

26 நவம்பர் 2023

மேலே உள்ள கடைசிப் பத்தியை அடித்துவிடுங்கள். இரண்டு அமைப்புகளின் பட்டங்களை ஒன்றுசேர்க்கும் சண்டை இது. இப்படிப்பட்ட சண்டைகளில் அந்தக் காலை எடை விதியை வழக்கமாகத் தளர்த்திவிடுவார்கள். இரவு பதினொரு மணிக்கு எழுதினால் இப்படித்தான்.

எச்சில் துப்பிய கதையை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

29 நவம்பர் 2023

"இந்தச் சின்னப் பையன்கள் அடித்தால் வலிக்குமா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஜிம்மி வைல்டு என்று ஒருவர் இருந்தார், வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளி. 112 பவுண்டு பிரிவில் ஆடினாலும் பலமுறை அந்த எடைகூட இருக்கமாட்டார். எலும்பும் தோலுமான உடம்பு, அந்த உடம்பை வைத்துக்கொண்டு தன்னைவிடப் பெரிய ஆட்களைத் தூங்கவைத்தார். அவரை 1923 ஜூனில் நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸில் ஏழாவது ரவுண்டில் வீழ்த்தியவர் பாஞ்சோ வில்லா, பிலிப்பைன்ஸ்காரர். வலிக்குமா என்று வைல்டிடம்தான் கேட்டிருக்க வேண்டும், அந்த இரவுக்குப் பிறகு அவர் ரிங்குக்கே வரவில்லை. வில்லாவின் கதை இன்னும் சோகம். இரண்டு வருடம் கழித்துப் பல் தொற்று தொண்டைக்கு இறங்கி இறந்துபோனார், 23 வயதில். பெனிசிலினுக்கு முந்தைய காலம்.

எங்கிருந்து எங்கோ வந்துவிட்டேன். பல் வலி இருப்பவர்கள் டாக்டரைப் பாருங்கள்.

8 டிசம்பர் 2023

புயல் மழையில் நாலு நாள் மின்சாரம் இல்லை, வீட்டு வாசலில் முட்டளவு தண்ணீர். மொட்டை மாடியில் உட்கார்ந்து வேறு வேலையில்லாமல் இந்தச் சண்டையையே யோசித்துக்கொண்டிருந்தேன். போனில் சார்ஜ் தீரும்வரை முன்பே இறக்கி வைத்திருந்த இரண்டு சண்டைகளைப் பார்த்தேன், தீர்ந்தபின் நினைவிலிருந்து ஓட்டிப் பார்த்தேன்.

அதில் ஓர் உறுத்தல் வந்தது. எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது.

சன்னி ஜெயித்த ஆட்களின் பட்டியலை எடுங்கள். ம்தலானே, குவெட்டாவின் முகமது வாசிம், நிகராகுவாவின் ஃபெலிக்ஸ் அல்வராடோ. எல்லாரும் நேர்கோட்டில் வருகிறவர்கள். வண்டி மாடு மாதிரி, நல்ல பலம், ஆனால் தடம் மாறாது. நேராக வருகிறவனுக்குப் பக்கவாட்டில் போய் நிற்பது சன்னிக்குக் கைவந்த கலை.

பாம் நேராக வருவதில்லை. ஸ்ரீசாகெட் சண்டையில் நான் முதலில் பார்க்கத் தவறியது இதுதான். வலது ஜாபைத் தூக்கிக் கண்ணுக்கு முன்னால் ஒரு திரை போலப் போடுகிறார், அந்த ஜாப் படவேண்டும் என்றுகூட இல்லை. திரை விலகும்போது அவருடைய வலது கால் எதிராளியின் இடது காலுக்கு வெளியே ஊன்றியிருக்கிறது. அங்கிருந்து இடது அப்பர்கட், கீழிருந்து மேலே எழும் குத்து, வருகிறது. ஸ்ரீசாகெட்டும் இடக்கைக்காரர்தான், அதனால் அந்தச் சண்டையில் கோணம் கொஞ்சம் வேறாக விழுந்தது. வலக்கைக்காரர்களுடன் ஆடியதைப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஆக, சன்னி பக்கவாட்டில் போகும் இடத்தில் பாம் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தால்?

போன் அணைந்தபின் இருட்டில் நானே எழுந்து நின்று காலை வைத்துப் பார்த்தேன். பக்கத்து மாடியில் இருந்தவர் "என்ன சார், பயிற்சியா" என்றார்.

9 டிசம்பர் 2023

இல்லை, கட்சி மாறவில்லை. சன்னி பாயின்ட்டில். ஆனால் முன்பு போல உறுதியாக இல்லை, 55-க்கு 45 என்று வைத்துக்கொள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஏப்ரலில் கிறிஸ்டியன் கோன்சாலஸுடன் ஆடிய சண்டையில் பாமின் தாடை உடைந்தது. உடைந்த தாடையோடு ஜெயித்து டபிள்யூபிஓ என்ற இன்னொரு அமைப்பின் பட்டத்தை வாங்கினார் என்பது பெருமைதான். ஆனால் அதற்கப்புறம் எட்டு மாதம் ஆடவில்லை. கூடிய தாடையில் முதல் அடி விழும்போது மனசு என்ன சொல்லும்? எனக்கு மூக்குதான் உடைந்தது, அதுவும் ஸ்பாரிங்கில், பயிற்சிச் சண்டையில். அதற்கப்புறம் ஒரு வருடம் எந்த ஜாப் வந்தாலும் கண் தானாக மூடிக்கொண்டது. சன்னியின் அடி கனமில்லைதான். நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருந்தால் கதவு திறக்கும்.

9 டிசம்பர் 2023, பத்து நிமிடம் கழித்து

"சன்னி தட்டுவதற்குள் பாம் கதவையே கழற்றிவிடுவார்" என்று தம்பி எழுதியிருக்கிறான். நல்ல வரிதான், ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை.

பந்தயம் கட்டு என்கிறான். பணம் வேண்டாம். பாம் சன்னியைப் பன்னிரண்டு ரவுண்டுக்குள் நிறுத்தினால் நான் பன்னிரண்டு ரவுண்டு கயிறு தாண்டுகிறேன், ரவுண்டுக்கு மூன்று நிமிடம், நடுவில் ஒரு நிமிட ஓய்வு. சன்னி ஜெயித்தால் தம்பி தன் வாயால் 'ஓடுகாலி'யைத் திரும்பப் பெற வேண்டும். எனக்கு 46 வயது, 74 கிலோ. யோசித்துத்தான் கட்டுகிறேன்.

14 டிசம்பர் 2023

ஒன்றைச் சொல்ல மறந்தேன். இந்த மேடையிலேயே கலால் யாஃபாயும் ஆடுகிறார், டோக்கியோ ஒலிம்பிக்கில் இதே சின்ன எடையில் தங்கம் வாங்கியவர். சீக்கிரம் எழுந்திருப்பவர்கள் அதையும் பாருங்கள்.

சன்னி ட்விட்டரில் எல்லாருடனும் மல்லுக்கு நிற்பதைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். அவர் அங்கே யாரிடமும் ஓடி நான் பார்த்ததில்லை. அதுவே எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. "நீ ஓடுபவன்" என்று ஊரே சொல்லிச் சொல்லி, அதைப் பொய்யாக்கிக் காட்ட வேண்டும் என்று அன்றைக்குப் பார்த்து நின்றுவிடக் கூடாது.

17 டிசம்பர் 2023, காலை

நின்றுவிட்டார்.

17 டிசம்பர் 2023, மதியம்

இட்லி ஆறிப்போனதுதான் மிச்சம். இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

ஆரம்ப ரவுண்டுகளில் சண்டை நெருக்கமாகத்தான் இருந்தது. சன்னியின் கை வேகமாக இருந்தது, நன்றாகவே போய்ச் சேர்ந்தது. பாமின் தாடைக்கு ஒன்றும் ஆகவில்லை, கண்ணும் மூடவில்லை. அவர் என்னைப் போல ஆள் இல்லை போலிருக்கிறது. ஆனால் சன்னி நான் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் நடுவில் நின்று பதிலுக்குப் பதில் கொடுத்தார். நின்ற ஒவ்வொரு முறையும் அந்த இடது கை உள்ளே புகுந்தது. விலகிப் போக நினைத்தபோதும் விலகும் பக்கத்தில் பாம் இருந்தார். ரவுண்டு ஏற ஏறச் சன்னியின் முகம் வீங்கிக்கொண்டே வந்தது.

ஒன்பதாவது ரவுண்டு முடிய ஒருசில வினாடிகள். ஓர் இடது கை. சன்னி விழுந்தார், எழுந்தார், மணி அடித்தது. மூலைக்குப் போய் உட்கார்ந்தார். அதோடு பயிற்சியாளர் போதும் என்று சொல்லிவிட்டார்.

எனக்குப் பிடித்த இடம் அந்த ஸ்டூல்தான். இன்னும் மூன்று ரவுண்டு அனுப்பியிருந்தால் 'வீரமாக ஆடினான்' என்று நாம் எழுதியிருப்போம், அவர் எதை இழந்திருப்பாரோ. என் கடைசி ரவுண்டில் என் கோச்சும் சண்டையை நிறுத்தத் துண்டை எடுத்தார், நான் வேண்டாம் என்று கெஞ்சினேன், அவர் கேட்டுக்கொண்டார். அவர் கேட்டிருக்கக் கூடாது என்று இன்றைக்குத்தான் தோன்றுகிறது.

தம்பி, உன் கணக்கு சரி, பத்துக்குள் முடிந்தது. ஆனால் காரணம் தப்பு. சன்னி ஓடியதால் தோற்கவில்லை. ஓடியிருந்தால் ஒருவேளை பன்னிரண்டு வரை போயிருப்பார்.

17 டிசம்பர் 2023, இரவு

"சப்பைக்கட்டு" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்திருக்கிறது. இருக்கலாம்.

24 டிசம்பர் 2023

கயிறு தாண்டிய அறிக்கை. இடம்: மொட்டை மாடி. சாட்சி: மனைவி, பக்கத்து மாடிக்காரர். முதல் இரண்டு ரவுண்டு பழைய கால் ஞாபகம் வந்தது, குறுக்குக் கை எல்லாம் போட்டேன். மூன்றாவதில் முழங்கால் பேச ஆரம்பித்தது. ஐந்தாவது முடிந்து நாற்காலியில் உட்கார்ந்தேன், மனைவி என் முகத்தைப் பார்த்தாள், கயிற்றைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கீழே போய்விட்டாள். என் மூலை என்னை நிறுத்திவிட்டது. மீதி ஏழு ரவுண்டு பாக்கி.

30 ஜூன் 2024

பாம் மறுபடி 115-க்கு ஏறி, பீனிக்ஸில் அந்தப் பிரிவின் சாம்பியன், மெக்சிகோவின் எஸ்ட்ராடாவை ஏழாவது ரவுண்டில் உடம்பில் அடித்தே முடித்துவிட்டார். ஆறாவதில் பாமும் ஒருமுறை கீழே போனார், அதைப் பொருட்படுத்தியதாகவே தெரியவில்லை. எஸ்ட்ராடா யார் என்று தெரிந்தவர்களுக்கு இதன் எடை தெரியும். டிசம்பரில் சன்னிக்கு நடந்ததைச் 'சன்னியின் தப்பு' என்று நான் எழுதியதில் பாதியை இப்போது திரும்பப் பெறுகிறேன். ஓடியிருந்தாலும் பிடித்திருப்பார்.

அதே மேடையில் சன்னியும் ஆடி ஜெயித்தார். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

1 டிசம்பர் 2024

இந்தப் பக்கத்தை மறுபடி திறக்க வேண்டியதாகிவிட்டது. நேற்று பர்மிங்ஹாமில் சன்னியைக் கலால் யாஃபாய் ஆறாவது ரவுண்டில் நிறுத்தினார். போன வருடம் சீக்கிரம் எழுந்து பாருங்கள் என்றேனே, அதே யாஃபாய்.

சண்டை சூடுபிடிக்கும் முன்பே மூலையில் உட்கார்ந்த சன்னி, தனக்கு இங்கே இருக்கவே விருப்பமில்லை என்ற மாதிரி சொன்னது ஒலிபரப்பில் கேட்டது. அதற்கப்புறம் எனக்குச் சண்டையில் கண் பதியவில்லை, அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாஃபாய் மார்போடு ஒட்டிக்கொண்டு அடித்துக்கொண்டே இருந்தார். அந்த அரை அடி விலகல் இருக்கிறதே, அது ஒருமுறை கூட வரவில்லை. முடிந்ததும் போதும், இனி ஆடவில்லை என்றார்.

தம்பி காலையில் தனிச்செய்தி அனுப்பியிருந்தான்: "அண்ணே, ஓடுகாலியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்." பந்தயத்தில் ஜெயித்தவன் அவன். நான் கேட்கவும் இல்லை.

ஏழு ரவுண்டு பாக்கியை அவனும் கேட்கவில்லை. கயிறு பரணில் இருக்கிறது, மனைவி ஊருக்குப் போயிருக்கிறாள். சாயங்காலம் இரண்டு ரவுண்டு பார்க்கலாம் என்றிருக்கிறேன்.